மிச்சமிருந்த ஒரு காது

எனக்கு வலது காது மட்டும்தான் கேட்கும். இடது காது பதினொரு வயதில் போய்விட்டது. எங்கள் ஊர் அம்மன் கொடையில் அதிர்வேட்டுப் போடும் இடத்துக்குப் பக்கத்தில், அறுந்து விழுந்த சட்டைப் பொத்தானைத் தேடிக் குனிந்துகொண்டிருந்தேன். வேட்டு வெடித்தது எனக்கு நினைவில்லை. சுற்றி நின்றவர்கள் வாயைத் திறந்து திறந்து மூடியதும், யார் வாயிலிருந்தும் சத்தம் வராததும்தான் நினைவிருக்கிறது. மறுநாள் வலது காது திரும்பி வந்தது. இடது காதில் சில்வண்டு கத்துவது போன்ற ஓர் இரைச்சல் தங்கிவிட்டது. அது இன்றுவரை ஓயவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது இடது காது ஜன்னல் பக்கம் வரும்படி உட்காருவேன். கல்யாண வீட்டில் வரிசையின் இடது ஓரத்துச் சேரைப் பிடிப்பேன். யாராவது இடது பக்கமிருந்து பேசினால் முகத்தைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டிவிடுவேன். பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது. என் மனைவிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு வலது பக்கமாகத்தான் நடக்கிறாள்.

தென்காசியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், பழைய மிக்சி எல்லாம் வரும். ஓடுகிற மோட்டாரின் மேல் திருப்புளியின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்டால் உள்ளே பேரிங் எப்படி இருக்கிறது என்று தெரியும். நல்ல பேரிங் எண்ணெய் ஊற்றியதுபோல ஓடும். கெட்டுப்போகத் தொடங்கியது மெல்லிசாக மணல் அரைக்கும். அந்த மணல் சத்தத்தைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. படித்தது பத்தாம் வகுப்பு. கையும் இந்த ஒரு காதும்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

அப்படிப்பட்டவன் கையில் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

அச்சன்புதூருக்கு மேற்கே, மலையை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருக்கிறது. அப்பா பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். காட்டுப்பன்றிகள் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான் அதற்கு வேலை. சுற்றியிருந்த நாலு தோப்புக்கும் சேர்த்து அது ஒன்றுதான். அப்பா இறந்ததும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். பாரம் இறங்கியதுபோல இருந்தது. அது அங்கேயே துருப்பிடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துத் தோப்புக்காரர்கள் வந்து என் இடது புறம் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் என்னவோ நீளமாகப் பேசினார். நான் அவர் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். எல்லாரும் சந்தோஷமாக எழுந்து போனார்கள்.

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த மனைவி பாத்திரம் கழுவும் இடத்தில் என்னை நிறுத்தினாள்.

"எதுக்குத் தலைய ஆட்டுனீங்க?"

"அவங்க என்ன கேட்டாங்க?"

அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "துப்பாக்கிய ஒங்க பேருக்கு மாத்தி, ஒங்கப்பா மாதிரியே நீங்களும் எங்களுக்குத் துணையா நிக்கணும்னு கேட்டாங்க. நீங்க ஒருக்க இல்ல, மூணு மட்டம் ஆட்டுனீங்க."

அன்றைக்கே போய் இல்லையென்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் வீட்டு வாசலில் போய் நின்று, எனக்குக் காது கேட்கவில்லை, தெரியாமல் ஆட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் மூத்தவரின் தோப்பில் புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளைப் பன்றி தோண்டிப் போட்டுவிட்டது. அவர் என் கடைக்கு வந்து, "ஒம்ம நம்பித்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தடவை வலது பக்கம் நின்று சொன்னார்.

உரிமத்தை வாரிசு பேருக்கு மாற்ற, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்ததாகச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். மலையடிவாரத்தில், குற்றாலத்துக்குக் கொஞ்சம் தெற்கே, தனியார் பயிற்சிக் களம் ஒன்று இருந்தது. சுற்றிலும் வேலி, கடைசியில் ஆள் உயரத்துக்கும் மேலே மண்மேடு, அதற்கு முன்னால் காகிதம் ஒட்டிய பலகைகள். இந்தப் பக்கம் தகரக் கொட்டகை, தரையில் சுண்ணாம்பால் போட்ட ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டில் நின்றுதான் சுட வேண்டும்.

பயிற்சி கொடுத்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முதல் நாள் என்னோடு இருந்தது இன்னொருவர் மட்டும். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர், வாய் ஓயாத ஆள். அவருக்கு அது மூன்றாவது நாள். அவர் நிஜத் தோட்டா போட்டுச் சுடுவார். எனக்கு அன்றைக்கு டம்மி தோட்டாதான். எடுப்பது, திறப்பது, போடுவது, தோளில் வைப்பது, இறக்குவது. அதுவரை எனக்குப் பயமில்லை. பக்கத்தில் ஒருவர் நிஜமாகவே சுடுவார் என்பதுதான் பயம்.

பயிற்சியாளர் ஆளுக்கு இரண்டு மஞ்சள் நுரைத் துண்டுகள் கொடுத்தார். விரலில் உருட்டி மெல்லிசாக்கி, காதுக்குள் விட வேண்டும். உள்ளே போய் அது உப்பி அடைத்துக்கொள்ளும். அவர் ஒருமுறை செய்து காட்டினார். நான் செய்தது பாதி வெளியே நின்றது. இன்னொருமுறை காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையால் அமுக்கிக்கொண்டு நின்றேன்.

எலுமிச்சைக்காரர் சுட்டார். தரை என் உள்ளங்கால் வழியாக அதிர்ந்தது. பதினொரு வயதில் மூக்கில் ஏறிய அதே கருமருந்து வாடை. அவர் நாலு தடவை சுட்டார். பிறகு என் முறை. டம்மி தோட்டாவைப் போட்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்து, பலகையைப் பார்த்தேன். பயிற்சியாளர் என்னிடம் எதையோ கேட்டது கடைக்கண்ணில் தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

பலகைக்கும் எனக்கும் நடுவில் ஒரு சட்டை தெரிந்தது. கோடு போட்ட சட்டை. எலுமிச்சைக்காரர் தன் காகிதத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். அதே நொடியில் ஒரு கை வந்து குழலைப் பிடித்து மேலே தள்ளியது.

பயிற்சியாளர் துப்பாக்கியைப் பிடுங்கித் திறந்து, டம்மியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டார். பிறகு என் காதிலிருந்த நுரையை அவரே பிடுங்கினார்.

"எல்லாரும் இறக்குங்க, ஆள் முன்ன போகுதுன்னு கத்துனேன். கேட்டுச்சாவேன்னு ஒம்மகிட்டத் தனியாக் கேட்டேன். தலைய ஆட்டுனீரா இல்லையா?"

"ஆட்டுனேன்."

"கேட்டுச்சா?"

"இல்ல."

"பொறவு எதுக்குவே ஆட்டுனீரு?"

எலுமிச்சைக்காரர் காகிதத்தோடு திரும்பி வந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் கொஞ்சம் வெளிறியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நல்லவேளை அண்ணாச்சி. என் எலுமிச்சங்காய ஏலத்துக்கு விடுததுக்கு முன்னாடி என்னையப் பிழிஞ்சிருப்பீரு" என்று சொல்லிச் சிரித்தார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தபடியே இடது காதைப் பற்றிச் சொன்னேன். வெளி ஆள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"காது கேக்காத ஆள நான் கோட்டுல நிறுத்த மாட்டேன்" என்றார் பயிற்சியாளர். "நுரைய வச்சா நான் சொல்லுதது கேக்காது. வைக்கலன்னா இருக்குத காதும் போயிரும். எலக்ட்ரானிக் காதுமூடின்னு இருக்கு. பேச்ச உள்ள விடும், வெடிய வெளிய நிறுத்தும். நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிட்டு வாரும். இல்லன்னா துப்பாக்கிய ஸ்டேஷன்லயே எழுதிக் கொடுத்துரும். ரெண்டுல ஒண்ணு."

வீட்டுக்கு வந்ததும் வலது காதில் இரைச்சல் கேட்டது.

இடது காதின் சில்வண்டு எனக்குப் பழக்கம். இது வேறு. மெல்லிய கம்பியை இழுப்பது மாதிரி, வலது பக்கத்தில். சாப்பிடும்போது நின்றது போலிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் மறுபடியும் வந்தது. மறுநாள் கடைக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு மோட்டாரை ஓடவிட்டுத் திருப்புளியைக் காதில் வைத்தேன். கேட்டது. ஆனால் நேற்றுக் கேட்ட அளவுக்குக் கேட்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேற்றைய சத்தத்தை எங்கே வைத்து ஒப்பிடுவது? அன்றைக்கு மட்டும் பத்துத் தடவை வைத்துப் பார்த்திருப்பேன். மூன்றாம் நாள்தான் அந்தக் கம்பி இரைச்சல் நின்றது. நின்ற பிறகும், வருகிறதா வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இதற்குள் மனைவி போனில் தேடிக் காதுமூடி ஒன்றை வரவழைத்துவிட்டாள். சிவப்பு நிறம், ஓரத்தில் நீல விளக்கு எரியும். போட்டால் தலைக்கு மேலே ஓடும் ஃபேன் சத்தம் மறைந்துபோனது. "பாத்தீங்களா, ஃபேனே நின்ன மாதிரி இருக்குல்லா?" என்றாள். எனக்கும் திருப்திதான். ஆனாலும் மனது கேட்கவில்லை. கடை வேலைதான் எனக்குத் தெரிந்த ஒரே சோதனை. வைஸ் இடுக்கியில் ஒரு இரும்புத் தகட்டை இறுக்கி, காதுமூடியைப் போட்டுக்கொண்டு, சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்தேன். சத்தம் அப்படியே மண்டைக்குள் இறங்கியது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வலது காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் முட்டாள்தனத்தால் இருந்த காதும் அன்றைக்கே போயிருக்கலாம்.

அந்தப் பயத்தில்தான் காது பரிசோதனை செய்யும் இடத்துக்குப் போனேன். காது கேட்கும் கருவி விற்கும் கடை அது. சோதிக்கவும் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். மெத்தை ஒட்டிய சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் எவ்வளவு மெதுவாக் கேட்டாலும் அமுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

முதலில் நன்றாகக் கேட்டது. பிறகு மெலிந்தது. பிறகு ஒன்றுமில்லை. அவள் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் காத்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்க என்னால் முடியாது. அமுக்கினேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அமுக்கினேன்.

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"இப்ப என்ன கேட்டுச்சு சார்?"

"சத்தம்."

"நான் சத்தமே விடலையே. கை வலிக்குதுன்னு சும்மா இருந்தேன். அதுக்குள்ள ரெண்டு மட்டம் அமுக்கிட்டீங்க."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் கோபப்படவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "கேக்கலன்னா சும்மா இருங்க. அதுவும் எனக்கு ஒரு பதில்தான். நீங்க எனக்காக அமுக்குனா, ஒங்க காது எப்படி இருக்குன்னு ஒங்களுக்கே தெரியாமப் போயிரும்" என்றாள்.

இரண்டாம் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டபோது அமுக்கினேன். கேட்காத இடங்களில் அந்த அமைதி எவ்வளவு நீளம் என்பதை அப்போதுதான் முழுசாக உணர்ந்தேன்.

இடது காது எதிர்பார்த்ததுதான். அவள் காட்டிய வரைபடத்தில் வலது காதின் கோடு நேராக வந்து, கடைசியில், மெல்லிய கீச்சுச் சத்தங்களுக்கான இடத்தில், கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. "இது பழசா, இப்ப வந்ததான்னு என்னால சொல்ல முடியாது" என்றாள். "ஆனா இங்கன போனது திரும்பி வராது. இருக்கறதக் காப்பாத்திக்கிடுங்க."

அந்தக் கடைசிப் பகுதியில்தான் என் மணல் சத்தம் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

சிவப்புக் காதுமூடியை எடுத்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். "இது பாட்டு கேக்கதுக்கு சார். ஃபேன், பஸ் மாதிரி ஒரே சீரா வாரதத்தான் குறைக்கும். வெடி ஒரு நொடிகூட இல்ல. இது முழிக்கதுக்குள்ள அது போயிரும்." பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லச் சொல்ல எழுதினாள். பெட்டியில் எவ்வளவு சத்தம் குறைக்கும் என்ற எண் போட்டிருக்க வேண்டும்; எண் இல்லாவிட்டால் தொடவே கூடாது. பேட்டரி தீர்ந்தாலும் சும்மா மூடியாக நின்று அதே அளவு காக்க வேண்டும். நான் கண்ணாடி போடுபவன். கண்ணாடிக் கம்பி மூடியின் கெட்டியான மெத்தையைத் தூக்கி இடைவெளி விடும், ஆகவே மெத்தை ஜெல்லாக இருப்பது நல்லது. அதோடு, மூடிக்கு உள்ளே நுரையையும் வைத்து, வெளியே எலக்ட்ரானிக்கின் ஒலியைக் கூட்டி வைத்தால் பேச்சும் கேட்கும், இரட்டைக் காவலும் இருக்கும். "ஒங்களுக்கு ஒண்ணுதான இருக்கு. ரெண்டு பூட்டுப் போடுங்க" என்றாள். நுரையை எப்படி வைப்பதென்று கேட்டேன். தலைக்குப் பின்னால் மறு கையைக் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டுமாம். அவள் செய்து காட்டினாள், நான் செய்தேன், இந்தத் தடவை உள்ளே போனது. இதைக் கேட்க எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றை வரவழைத்தோம். கனமான கறுப்பு மூடி. எண் இருந்தது. வெளியே இரண்டு பக்கமும் சின்ன மைக். போட்டுக் குமிழைத் திருகியதும் சமையலறையில் கடுகு வெடிப்பது காதுக்குள் வந்து விழுந்தது. நேராகக் கடைக்குப் போய் அதே தகட்டை, இந்தத் தடவை முதலில் மெதுவாக, பிறகு பலமாக அடித்தேன். அடியின் தலையை யாரோ வெட்டி எடுத்ததுபோல ஒரு மொட்டைச் சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் மாலையில் வேறு பயம். வீட்டில் ஒட்டடைக் கம்பைத் துப்பாக்கி மாதிரி வலது தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்துப் பழகிக்கொண்டிருந்தேன். கன்னம் கம்பில் படிந்ததும் வலது மூடியின் கீழ் விளிம்பு அதில் இடித்து மேலே நகர்ந்தது. விரல் நுழைகிற இடைவெளி. அதுவும் வலது பக்கம்.

மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கோலத்தப் பாத்தாலே பன்னி மலையேறிரும். வெடி எதுக்கு?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் இடைவெளியைத் தொட்டுக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் வந்து அவளே விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதத் திருப்பி அனுப்பிருவோம்" என்றாள். "துப்பாக்கியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் போயி அவங்ககிட்ட சொல்லுதேன்."

அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவள் சொன்னபோது, எனக்குப் பதிலாக அவள் நாலு வாசலில் நிற்பதை நினைத்தேன். நானே போய் நிற்பதைவிட அது கேவலமாக இருந்தது.

மூடியை மட்டும் மாற்றினோம். கீழ்ப்பக்கம் சரித்து வெட்டின மாதிரி மெல்லிசாக உள்ளது வந்தது. எண் கறுப்பு மூடியில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் கம்பில் இடிக்கவில்லை. அதிக எண் உள்ளது நகர்ந்துபோவதா, குறைந்த எண் உள்ளது நகராமல் நிற்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் நகராததோடு நுரையையும் சேர்த்து வைப்பதென்று முடிவு செய்தேன். சரியா தப்பா என்று சொல்ல யாருமில்லை. காது என்னுடையது.

சுடும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலை மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சைக்காரர் தன் கடைசி நாளுக்கு வந்திருந்தார். நான் நுரையை வைத்து, மூடியை மாட்டி, குமிழைக் கூட்டினேன். காலடியில் மணல் நெரிவதும், எலுமிச்சைக்காரர் மிட்டாய் கடிப்பதும், பயிற்சியாளர் மூச்சு விடுவதும் கேட்டன. எல்லாமே வலது பக்கமிருந்து வந்ததால் எது எங்கே என்று தெரியவில்லை.

"இடது தோள்ல வச்சுச் சுடட்டுமா? வலது காது துப்பாக்கிக் கட்டையில படாதுல்லா" என்று கேட்டேன். வீட்டில் யோசித்து வைத்திருந்த யோசனை அது.

"கட்டையில படாது. ஆனா குழல் வாய்க்கு நேரா அந்தக் காதுதான் திரும்பி நிக்கும். இப்ப ஒம்ம தலையே அதுக்கு மறைப்பு. அப்படியே இரும்" என்றார் அவர். பிறகு, "இன்னைக்குத் தலைய ஆட்டுதது கிடையாது. நான் சொல்லுதத நீரு திருப்பிச் சொல்லணும். கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லணும். சரியா?"

தலை தானாக அசையப் போனது. நிறுத்திக்கொண்டு, "சரி" என்றேன்.

என் வலது பக்கம் வந்து நின்றார். போடு என்றார், போடு என்றேன். தோளில் வை என்றார்; நானும் சொன்னேன். எலுமிச்சைக்காரர் எனக்குப் பின்னால், கொட்டகைத் தூணைக் கட்டிப்பிடித்தபடி, "நான் இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி, முன்ன போகல, போகவே மாட்டேன்" என்றார். அதுவும் தெளிவாகக் கேட்டது.

முதல் வெடி. தோளில் யாரோ கையால் தள்ளியது போலவும், பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தியது போலவும் இருந்தது. அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு இரைச்சல் வருகிறதா என்று காத்திருந்தேன். பயிற்சியாளர் அவசரப்படுத்தவில்லை. இரண்டாவதும் அப்படியே போனது.

மூன்றாவதற்குத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, விரலைக் கொண்டுபோகும்போது, வலது காதோரத்தில் குளிர்ச்சியாக ஒரு கோடு தெரிந்தது. காற்று. வேர்வையில் கண்ணாடிக் கம்பி வழுக்கி, மெத்தையைத் தூக்கியிருந்தது. சுடு என்ற வார்த்தை ஏற்கனவே வந்துவிட்டது. இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். பழைய ஆளாக இருந்தால் சுட்டிருப்பேன். சொல்லிவிட்டார்களே என்பதற்காகச் சுட்டிருப்பேன்.

"மாட்டேன்" என்றேன். குரல் கத்தலாக வந்தது. "மூடி நகந்துட்டு."

"இறக்கும்" என்றார் அவர்.

"இறக்குதேன்" என்று சொல்லி, இறக்கி, திறந்து, தோட்டாவை எடுத்து மேஜையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மூடியை மறுபடி மாட்ட எனக்கு ரொம்ப நேரம் ஆனது. இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள். மீதி மூன்றையும் சுட்டு முடித்தேன். காகிதத்தில் இரண்டு இடத்தில்தான் ஓட்டை இருந்தது. எலுமிச்சைக்காரர், "பன்னிக்கு ஆயுசு கெட்டி" என்றார். சான்றிதழ் இரண்டு நாளில் வரும் என்று பயிற்சியாளர் சொன்னார். என்னவோ அது காதில் ஏறவில்லை. எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

வண்டியை வீட்டுக்கு விடாமல் குற்றாலத்துக்கு விட்டேன். அங்கே எனக்கு ஓர் இடம் உண்டு. பேரருவிக்குப் போகும் சாலையில், பழக்கடைகள் தொடங்கும் முனை. சாரல் காலத்தில் அந்த முனையில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தால் அருவிச் சத்தம் வலது காதுக்குள் வந்து நிற்கும். வருடா வருடம் ஆனியிலும் ஆடியிலும் நான் அங்கே நின்று பார்த்துக்கொள்வேன். இது எனக்கு மட்டும் தெரிந்த சோதனை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

என்ஜினை அணைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு கார் போனது. அது கேட்டது. அது போன பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை. இடது காதின் சில்வண்டு மட்டும் கத்திக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பி வலது காதை மலைப் பக்கம் வைத்தேன். மூச்சைப் பிடித்தேன். மூன்றாவது வெடிக்கு முன்னால் வந்த அந்தக் காற்றுக்கோடு நினைவுக்கு வந்தது. அது இரண்டாவது வெடியின்போதே இருந்திருக்குமோ? எனக்குத் தெரியாமல் போய்விட்டதோ? வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

முனைக் கடையில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூறு கட்டி வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். வாங்கவும் செய்யாமல் போகவும் செய்யாமல் நிற்கும் ஆளை அவள் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவளிடம் கேட்கலாம். ஒரே ஒரு கேள்வி. முன்பின் தெரியாத பெண்ணிடம், நடுச் சாலையில், பைத்தியக்காரன் மாதிரி. இறங்கிப் போய்க் கடைக்கு முன்னால் நின்றேன்.

"அருவிச் சத்தம் ஒங்களுக்குக் கேக்குதா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, கேட்டுவிட்டானே என்று நினைத்தாளோ என்னவோ, கையிலிருந்த பழத்தை வைத்துவிட்டு மலைப் பக்கம் தலையைச் சாய்த்தாள். நன்றாகக் கவனித்துக் கேட்டாள்.

"கேக்கலையே" என்றாள். "எங்கன கேக்கும்? நாலு நாளா சாரல் கெடையாது. பாறையில நூலு மாதிரில்லா ஒழுகுது. குளிக்க வந்தவங்க பூரா என்னையத் திட்டிட்டுப் போறாங்க, நான் என்னமோ அடைச்சு வச்ச மாதிரி."

"ஒங்களுக்கும் கேக்கல."

"அதான் சொல்லுதேனே."

கடைப் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். கால் தரையில் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. அருவி வரட்டும். சாரல் விழட்டும். மறுபடியும் வந்து நின்று பார்க்கிறேன். நாளைக்குக் கடையில் திருப்புளியை வைத்தும் பார்க்க வேண்டும். பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் இன்றைக்குக் கேட்காதது என் காதுக்கு மட்டுமில்லை.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ரம்புட்டான் அரைக் கிலோ கேட்டேன். அவள் தராசை எடுக்க மறுபக்கம் திரும்பி, என் இடது புறம் வந்து, எதையோ கேட்டாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

"இந்தக் காது கேக்காது" என்றேன். "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

அவள் பலகையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள்.